ஆம்ப்ளிஃபயர் பின்னூட்டமும் ஒலித்தரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னூட்டம் என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளே வரும் சிக்னலோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்குவது. வெளியீடு தடம் மாறினால் அந்த வேறுபாடு தானாகவே அதை இழுத்துப் பிடிக்கும். இதை எதிர்ப் பின்னூட்டம் என்பார்கள்.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகப் பொறியாளர் ஹரோல்ட் பிளாக்குக்கு இந்த யோசனை தோன்றியது 1927 ஆகஸ்ட் 2 அன்று, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும் வழியில். கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் இதழின் ஒரு பக்கத்திலேயே சுற்றையும் சமன்பாட்டையும் எழுதி வைத்தார். அவருடைய கவலை இசை அல்ல. நெடுந்தூரத் தொலைபேசித் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைய ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் திரிபை, அதாவது அலைவடிவத்தின் சிதைவைச் சேர்த்தால் மறுமுனையில் பேச்சே புரியாது. தேவைக்கு மேல் பெருக்கத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருத்தத்துக்குச் செலவிடலாம் என்பதே அவர் கண்டது. காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது. பெருக்கத்தை வேண்டுமென்றே குறைக்கிற ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்ற சந்தேகம் காப்புரிமை அலுவலகத்துக்குத் தீரவே பல ஆண்டுகள் பிடித்தன.

திருமண மண்டபத்தில் மைக் வீறிடுகிறதே, அதுவும் இதுதானா?

இயற்பியல் ஒன்றுதான். ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குத் திரும்பும் ஒலி சரியான நேரத்தில், போதிய வலுவோடு வந்து சேர்ந்தால் சுற்று தனக்குத்தானே தீனி போட்டுக்கொண்டு கத்தும். அங்கே பாதை காற்று. இங்கே ஒரு ரெசிஸ்டர். மண்டபத்தில் வீறிடல் எல்லோருக்கும் கேட்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் நடப்பது பெரும்பாலும் யாருக்கும் கேட்காது. சிக்கலும் அதுதான்.

திருத்துவதற்காக வைத்த எதிர்ப் பின்னூட்டம் எப்படி நிலை குலைக்கிறது?

தாமதத்தால். தேர் இழுக்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். சரியான கணத்தில் கட்டை விழுந்தால் தேர் நேராகும். கொஞ்சம் தாமதித்து விழுந்தால், ஏற்கெனவே திரும்பிவிட்ட தேரை அதே கட்டை இன்னும் கோணலாக்கும்.

ஆம்ப்ளிஃபயரின் ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) ஒளிந்திருக்கிறது. அதிர்வெண் ஏற ஏற, வெளியீடு உள்ளீட்டுக்குப் பின்தங்குகிறது. இந்தப் பின்தங்கலைக் கோணமாக, அதாவது ஃபேஸ் என்று அளப்பார்கள். அது 180 பாகையைத் தொட்டால், எதிர்க்க வேண்டிய பின்னூட்டம் ஆதரவாகிவிடும். அந்த அதிர்வெண்ணில், ஆம்ப்ளிஃபயரும் பின்னூட்டப் பாதையும் சேர்ந்த வளையத்தைச் சுற்றிவரும் பெருக்கம் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால், சாதாரண ஆம்ப்ளிஃபயரில் உள்ளே எதையும் கொடுக்காமலேயே வெளியே அலை பிறக்கும். இதைத் தன்னலைவு என்போம். எப்போது தன்னலைவு வரும், எப்போது வராது என்பதை 1932இல் ஹாரி நைக்விஸ்ட் கணக்காக்கினார். எவ்வளவு மிச்சம் வைத்தால் நிம்மதியாக இருக்கலாம் என்பதைப் பிறகு ஹென்ட்ரிக் போடே வடிவமைப்பாளர்களின் கைக்குக் கொண்டுவந்தார். இருவரும் பிளாக் வேலை செய்த அதே ஆய்வகத்துக்காரர்கள்.

ஃபேஸ் மார்ஜின் எவ்வளவு இருந்தால் போதும்?

வளையப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் இடத்தில், 180 பாகைக்கு இன்னும் எத்தனை பாகை பாக்கி இருக்கிறதோ அதுதான் ஃபேஸ் மார்ஜின். 60 பாகை இருந்தால் அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தில் மேடு எதுவும் எழாது. 45 பாகையில் 2.3 டெசிபெல் மேடு. 30 பாகையில் கிட்டத்தட்ட 6 டெசிபெல். 20 பாகையில் 9 டெசிபெலைத் தாண்டிவிடும். சதுர அலையைக் கொடுத்து, அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், 45 பாகை ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய கால் பங்கு தாண்டிக் குதித்துவிட்டு ஓரிரு ஆட்டத்தில் அடங்கும். 20 பாகைக்காரன் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருப்பான்.

இந்த எண்களெல்லாம் மேசைமேல் 8 ஓம் ரெசிஸ்டரை வைத்து அளந்தவையா, ஸ்பீக்கரும் நீளமான ஒயரும் மாட்டி அளந்தவையா என்று கேளுங்கள். மேசையில் 60 இருந்தது வீட்டில் 25 ஆகலாம்.

இதெல்லாம் சில நூறு கிலோஹெர்ட்ஸில் நடக்கிறது. காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. பிறகு ஒலித்தரத்துக்கு என்ன சம்பந்தம்?

மிக நல்ல கேள்வி. அந்த ஆட்டத்தை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. 400 கிலோஹெர்ட்ஸ் ஆட்டம் "மேல் ஸ்தாயியில் பளபளப்பாக" கேட்கிறது என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நிலைத்தன்மையின் விளைவு வேறு பாதைகளில் கீழே இறங்கி வருகிறது.

முதல் பாதை, நிலைத்தன்மைக்காகக் கொடுக்கும் விலை. தன்னலைவைத் தடுக்க, 180 பாகை வருவதற்கு முன்பே வளையப் பெருக்கத்தை ஒன்றுக்குக் கீழே இறக்கியாக வேண்டும். வழக்கமான வழி, ஒரு சிறு கெப்பாசிட்டரை வைத்து, அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் பெருக்கம் பாதியாகும்படி செய்வது. இதை ஈடுசெய்தல் என்பார்கள். இறக்கம் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் பலரும் பயன்படுத்தும் எல்எம்3886 சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் பெருக்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வழக்கமாக 8 மெகாஹெர்ட்ஸ் வரும். 1 கிலோஹெர்ட்ஸில் கையிருப்புப் பெருக்கம் சுமார் 8000. 20 கிலோஹெர்ட்ஸில் 400. நாம் கேட்பது 21 மடங்கு என்றால், திருத்தத்துக்கு மிஞ்சுவது 1 கிலோஹெர்ட்ஸில் 380 மடங்கு, 20 கிலோஹெர்ட்ஸில் வெறும் 19 மடங்கு. குரலின் அடித்தளத்தைத் துடைத்துச் சுத்தமாக்கும் அதே பின்னூட்டம், மேல்பகுதிக்கு வரும்போது கைசளைத்துப் போகிறது. விளம்பரத்தாளில் திரிபு எண்ணை 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அச்சிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 20 கிலோஹெர்ட்ஸ் எண்ணைத் தேடிப் பாருங்கள். கொடுத்திருந்தால் அந்த நிறுவனத்தின்மீது ஒரு மதிப்பு வரும்.

10 கிலோஹெர்ட்ஸில் திரிபு வந்தால் அதன் மேற்சுரங்கள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) 20க்கும் 30க்கும் போய்விடும், அவை கேட்கவா போகின்றன என்று நினைக்கலாம். ஒற்றைச் சுரம் மட்டும் இருந்தால் சரி. இசையில் அப்படி இல்லை. ஜால்ராவின் ஒரு தட்டலில் நெருக்கமான மேல் அதிர்வெண்கள் கும்பலாக வருகின்றன. 13 கிலோஹெர்ட்ஸும் 14 கிலோஹெர்ட்ஸும் ஒன்றையொன்று கலக்கினால் 1 கிலோஹெர்ட்ஸில் ஒன்று பிறக்கிறது. 12இலும் 15இலும் வேறு இரண்டு. 1 கிலோஹெர்ட்ஸ் நம் காது கூர்மையாகக் கேட்கும் இடம். ஜால்ரா ஒலிக்கும்போது பாடகரின் குரலைச் சுற்றி ஒரு மங்கல் படிவதும், "ச", "ஷ" பிசிறடிப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துத் திரிபுதான்.

இரண்டாவது பாதை இன்னும் நேரடியானது. மோசமாக ஈடுசெய்த ஆம்ப்ளிஃபயர் எப்போதும் அலைவதில்லை. சிக்னல் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொடும்போது மட்டும் அலையும். வெளியீட்டு டிரான்சிஸ்டரின் குணம் அதில் பாயும் மின்னோட்டத்தோடு மாறுவதால், அமைதியில் நிலையாக இருந்த வளையம் உச்சத்தில் நிலை இழக்கிறது. ஆசிலோஸ்கோப்பில் இதைப் பார்த்தால் மறக்க முடியாது: அழகான சைன் அலை, அதன் கீழ்ப்பாதியின் அடிவயிற்றில் மட்டும் கோடு தடித்து, மயிர் முளைத்ததுபோல் ஒரு திட்டு. நேர அளவை விரித்தால் அந்தத் திட்டுக்குள் சில மெகாஹெர்ட்ஸ் அலை ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும் நேரமெல்லாம் அந்தக் கட்டம் உருப்படியாக வேலை செய்யாது. காதுக்கு வந்து சேர்வது மெகாஹெர்ட்ஸ் அல்ல, உச்சங்களில் வரும் கரகரப்பு. ஒலியளவைக் குறைத்தால் மறைந்துவிடுவதால், பலர் ஸ்பீக்கரைக் குறை சொல்லிவிட்டு அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, வானொலி அலைகள். ஸ்பீக்கர் ஒயர் ஒரு நல்ல ஆன்டெனா. அதில் வரும் உயர் அதிர்வெண் சிக்னல் பின்னூட்ட ரெசிஸ்டர் வழியாக உள்ளீட்டு டிரான்சிஸ்டருக்கே போய்ச் சேர்கிறது. ஃபேஸ் மார்ஜின் மெலிந்து, மேடு எழும்பிய ஆம்ப்ளிஃபயர் அதை இன்னும் பெரிதாக்கும். பழைய ஜிஎஸ்எம் கைபேசியை அருகில் வைத்தால் 217 ஹெர்ட்ஸில் உறுமியது நினைவிருக்கலாம்.

கடைசியாக, உச்சத்தில் வெட்டுப்படும்போது நடப்பது. சிக்னல் மின்வழங்கியின் எல்லையை முட்டினால் வளையம் ஒரு கணம் அறுந்துபோகிறது. மீண்டும் பிடிக்கும்போது சரியான ஆம்ப்ளிஃபயர் உடனே தடத்துக்கு வரும். சரியில்லாதது எல்லையிலேயே ஒட்டிக்கொண்டு தாமதித்து இறங்கும், இறங்கும்போது ஆடும். தவில் கச்சேரியைச் சத்தமாகக் கேட்கிறவர்களுக்கு ஒவ்வோர் அடியிலும் இந்தச் சோதனைதான்.

பின்னூட்டம் அதிகமானால் ஒலி உயிரற்றுப்போகும் என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு வரலாறு உண்டு, கொஞ்சம் நியாயமும் உண்டு. 1970இல் பின்லாந்தின் மாட்டி ஓட்டாலா, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் வேகமான சிக்னல் வரும்போது உள்கட்டம் திணறித் திரிபு உண்டாவதை எழுதினார். அன்றைய டிரான்சிஸ்டர்களும் சிப்புகளும் மெதுவானவை. புகழ்பெற்ற 741 சிப் மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட்தான் நகரும். 20 கிலோஹெர்ட்ஸில் 4 வோல்ட் உச்சத்துக்கு மேல் அதனால் ஓட முடியாது. அதைச் சுற்றி எவ்வளவு பின்னூட்டம் போட்டாலும் பயனில்லை. குற்றம் பின்னூட்டத்தின் தலையில் விழுந்தது. 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபயருக்கு 20 கிலோஹெர்ட்ஸில் தேவை மைக்ரோவினாடிக்கு 5 வோல்ட் மட்டுமே. இன்று எல்எம்3886 போன்ற எளிய சிப்பே அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஓடுகிறது. அந்த வழக்கு முடிந்துவிட்டது என்பேன்.

இன்னொரு வாதம் சுவாரசியமானது. பிரிட்டிஷ் ஒலிப் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1978இல் காட்டியது இது: இரண்டாம் மேற்சுரத்தை மட்டும் தரும் ஓர் எளிய கட்டத்தைச் சுற்றிச் சிறிதளவு பின்னூட்டம் போட்டால், முன்பு இல்லாத மூன்றாம், நான்காம், ஐந்தாம் மேற்சுரங்கள் முளைக்கின்றன. வெளியே வந்த இரண்டாம் மேற்சுரம் திரும்ப உள்ளே போய் மூலத்தோடு கலப்பதால் இப்படி. உயர் மேற்சுரங்கள் காதுக்கு உறுத்தலானவை. ஆக, அரைகுறைப் பின்னூட்டம் ஒலியைக் கடுமையாக்கலாம் என்பது உண்மை. ஆனால் அவர் வரைபடத்தின் மறுபாதியையும் பார்க்க வேண்டும்: பின்னூட்டத்தை மேலும் கூட்டிக்கொண்டே போனால் அந்த முளைகளும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. எனவே போட்டால் தாராளமாகப் போட வேண்டும். தாராளமாகப் போட நிலைத்தன்மை இடம் கொடுக்க வேண்டும். "பின்னூட்டம் அதிகம்" என்று புகார் வரும் ஆம்ப்ளிஃபயர்களில் நான் பார்க்கும் நோய், வளையத்தை ஒழுங்காக ஈடுசெய்யாததே.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இந்தத் தொல்லை இருந்ததா?

அங்கே இரண்டு பக்கமும் இருந்தது. 1947இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியான வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயர், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கி 20 டெசிபெல் பின்னூட்டம் போட்டது. அந்தக் காலத்துக்கு அபாரமான திரிபுக் குறைவு. ஆனால் வடிவமைப்பாளர் கேட்ட தரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காதவர்கள் மலிவானதைப் போட்டுக் கட்டினார்கள், மேல்முனையில் தன்னலைவு வந்தது. கீழ்முனையில் இரண்டு கெப்பாசிட்டர் இணைப்புகளும் டிரான்ஸ்ஃபார்மரும் ஆளுக்குக் கொஞ்சம் ஃபேஸைத் திருப்பியதால், சில ஹெர்ட்ஸில் படபடவென்று மோட்டார் படகு ஓடும் சத்தம். சத்தமே வராமல் வூஃபரின் (கீழ் ஸ்தாயி ஸ்பீக்கரின்) கூம்பு மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் மூச்சுவிடுவதும் உண்டு. அப்போது குரல் அலைவது மட்டும் கேட்கும். இசைத்தட்டு பாடும்போது கூம்பைக் கண்ணால் பார்ப்பது இன்றைக்கும் நல்ல பழக்கம்.

ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் ஒலி மாறுகிறது என்பது நம்பக்கூடியதா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் நிலைத்தன்மை மெலிந்த ஆம்ப்ளிஃபயரில் ஆம். சாதாரண இரட்டை ஒயரின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சில பத்து பிகோஃபாரட். பல இழைகளைப் பின்னிய விலையுயர்ந்த வகைகளில் அது பல மடங்கு. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடையோடு இது சேர்ந்து வளையத்துக்குள் இன்னொரு தாமதத்தைப் போடும். விளிம்பில் நிற்பது விழும். ஒயர் வாங்கியவருக்கு வித்தியாசம் கேட்டது பொய்யல்ல. அவர் கேட்டது ஒயரின் குணத்தை அல்ல, ஆம்ப்ளிஃபயரின் பலவீனத்தை.

இதற்காகத்தான் வெளியீட்டில் ஓரிரு மைக்ரோஹென்ரி காயிலையும் அதற்கு இணையாக 10 ஓம் ரெசிஸ்டரையும் வைப்பார்கள். காயில் உயர் அதிர்வெண்ணில் ஒயரை வளையத்திலிருந்து பிரித்துவிடும். 2 மைக்ரோஹென்ரி காயில் 20 கிலோஹெர்ட்ஸில் கால் ஓம்தான். 8 ஓம் சுமையில் இழப்பு டெசிபெலில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. "காயில் ஒலியைக் கெடுக்கும்" என்று அதைக் கழற்றி எறிகிறவர்களின் துணிச்சலை வியக்கிறேன். அருகிலேயே தரைக்குப் போகும் 10 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஜோடி ஸோபல் எனப்படும். ஸ்பீக்கர் காயிலின் தூண்டல் உயர் அதிர்வெண்ணில் சுமையே இல்லாததுபோல் ஆக்கிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். இந்த 10 ஓம் ரெசிஸ்டர் கருகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஆம்ப்ளிஃபயர் தன்னலைவில் இருந்திருக்கிறது. அடுத்து மேல் ஸ்தாயிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சோதியுங்கள்.

சிப் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலைக் குறைக்கப் பெருக்கத்தைக் குறைத்தேன். இப்போது ஹீட்சிங்க் கொதிக்கிறது. ஏன்?

எல்எம்3886 பத்து மடங்குக்கும் மேலான பெருக்கத்தில்தான் நிலையாக இருக்கும். டிடிஏ2030 இன்னும் கறார். 24 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 16 மடங்கு வேண்டும். பெருக்கத்தைக் குறைப்பது என்றால் பின்னூட்டத்தைக் கூட்டுவது; அந்த அளவுக்கு உள்ளே ஈடுசெய்யப்படவில்லை. அதனால் தன்னலைவு வந்து சிப் சூடாகிறது. பின்னூட்ட ரெசிஸ்டருக்குக் குறுக்கே சிறு கெப்பாசிட்டர் போட்டு மேல்பகுதியை "மென்மையாக்கும்" வேலையும் இதே வினைதான்: உயர் அதிர்வெண்ணில் பெருக்கம் ஒன்றை நோக்கி இறங்கிவிடும். பெருக்கம் அதிகம் என்று தோன்றினால் உள்ளீட்டிலேயே இரண்டு ரெசிஸ்டர் வைத்துச் சிக்னலைக் குறையுங்கள்.

ஆப்-ஆம்பை (சிறு சிக்னலைப் பெருக்கும் சிப்பை) மாற்றியதும் ஒலி "திறந்துகொண்டது" என்கிறார் நண்பர். உண்மையா?

வேகமான சிப்பை, மெதுவான சிப்புக்காக வரைந்த பலகையில் சொருகியிருக்கிறார். என்இ5532 இருந்த சாக்கெட்டில் அதைப்போல் ஐந்து மடங்கு பட்டை அகலமுள்ள எல்எம்4562ஐப் போட்டால், மின்வழங்கிக் கால்களுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் கதை. இல்லாவிட்டால் தன்னலைவு. அதன் கரகரப்பைப் புதிய நுணுக்கமாகக் காது எடுத்துக்கொள்வது சகஜம். என்இ5534 சற்று வேறு கதை: மூன்று மடங்குக்குக் கீழே பெருக்கம் வேண்டுமானால் வெளியே 22 பிகோஃபாரட் தர வேண்டும். நண்பரிடம் சிப்பின் தலையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னூட்டமே இல்லாத ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் இந்தத் தலைவலி தீருமா?

வேறு தலைவலி வரும். வெளியீட்டு மின்தடை உயர்ந்துவிடுவதால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு (அதிர்வெண்ணோடு மாறும் மின்தடை) ஏறி இறங்கும் இடமெல்லாம் ஒலியும் ஏறி இறங்கும். அது சிலருக்குப் பிடிக்கிறது, பிடித்தால் குற்றமில்லை. மேலும், விளம்பரத்தில் "பின்னூட்டம் இல்லை" என்றிருந்தாலும் எமிட்டர் ஃபாலோயர் (வெளியீடு உள்ளீட்டை அப்படியே பின்தொடரும் டிரான்சிஸ்டர் கட்டம்) இருந்தால் அங்கே முழுப் பின்னூட்டம் உள்ளூரிலேயே நடக்கிறது.

ஸ்விட்ச்போல் திறந்தும் மூடியும் ஓடும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்களில் எப்படி?

அங்கே வேடிக்கை. டிபிஏ3116 போன்ற சிப்புகள், ஸ்விட்ச் அலையை நீக்கும் வெளியீட்டு வடிகட்டிக்கு முன்பே பின்னூட்டத்தை எடுத்துவிடுவதால், வடிகட்டியின் மேல்முனை ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். பிலிப்ஸில் இருந்தபோது புரூனோ புட்ஸிஸ் உருவாக்கிய யுசிடி வடிவமைப்பில் வடிகட்டிக்குப் பின்னிருந்தே பின்னூட்டம். அந்த வளையத்தின் தன்னலைவையே ஸ்விட்ச் அதிர்வெண்ணாக்கி வேலை வாங்கினார்கள். நாம் விரட்டுகிற பூதத்துக்கு அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் எப்படிச் சோதிப்பது?

ஆசிலோஸ்கோப் இருந்தால்: 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைச் சிறிய அளவில் கொடுங்கள், வெளியே 8 ஓம் ரெசிஸ்டர். பிறகு அதற்கு இணையாக 1 நானோஃபாரட், 10, 100, கடைசியாக 2 மைக்ரோஃபாரட் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஓரிரு ஆட்டத்தோடு அடங்கினால் நல்லது. காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் வேறு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்னூட்டம் எடுக்கும் புள்ளியில், அதாவது காயிலுக்கு முன்னால் அளந்தால் குழப்பம் இருக்காது. அடுத்து ரெசிஸ்டரை மட்டும் விட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை வெட்டுப்படும் வரை ஏற்றி, இரண்டு பாதிகளின் வயிற்றிலும் தடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டால்: சிக்னல் இல்லாமல் அரை மணி நேரம் ஓடவிட்டு ஹீட்சிங்க்கைத் தொடுங்கள். கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர் (சிக்னல் இல்லாதபோது சிறிதளவே மின்னோட்டம் ஓடும் வகை) சும்மா இருக்கும்போது வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஸோபல் ரெசிஸ்டரின் நிறத்தைப் பாருங்கள். மீடியம் வேவ் வானொலிப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்ததும் எங்காவது ஒரு சீறல் அதோடு சேர்ந்து அணைந்தால், ஈடுசெய்யும் கெப்பாசிட்டரிலிருந்து பலகையை ஆராயத் தொடங்கலாம்.